கடலைக் கொல்லையில் மூன்று காக்கைகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருவரங்குளம் பக்கத்துக் கிராமங்களில் கொசு மருந்து அடிப்பதை மேற்பார்ப்பது என் உத்தியோகம். அதோடு இன்னொரு வேலையையும் என் தலையில் கட்டினார்கள். கொசு பரப்பும், பிள்ளைகளைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் கிருமி பறவைகளிடமும் இருக்குமாம். செத்த பறவை கிடைத்தால், அழுகுமுன் ஐஸில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஐஸுக்கு நான் எங்கே போவது? கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவர் மனசு வைத்தால் உண்டு.

செத்த காக்கையும் லேசில் கிடைக்காது. கடலை விதைத்த கொல்லையில் அதைக் குச்சியில் தலைகீழாகக் கட்டிவிடுவார்கள்; மற்ற காக்கைகள் விதையைப் பொறுக்க வராது.

ஒரு மார்கழியில் அப்படி ஒரு கொல்லையில் மூன்று தொங்கின. மூன்றும் காய்ந்து சருகாகியிருந்தன. எனக்கு முன்கோபம் அதிகம். கொல்லைக்காரியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊர்ப் புள்ளைக செத்தா ஒனக்கென்னன்னு கட்டித் தொங்கவிட்டியா?"

"காக்கா வெதையப் பொறுக்கிப்புடுது சார்" என்றாள், மெதுவாக.

பத்து நாளில் அவளுடைய ஏழு வயது மகளுக்குக் காய்ச்சலும் வலிப்பும் கண்டன. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் நானும் கூடப் போனேன். டாக்டர் மூளைக்காய்ச்சல் என்றார். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது.

"அன்னைக்கே காக்காய ஒங்ககிட்டக் குடுத்திருந்தா எம்புள்ள பொழச்சிருக்குமா சார்?"

"இல்லம்மா. இதுக்கு மருந்தே கெடையாது. ஆய்வுக்கூடத்துலேருந்து பதில் வரவே மாசக்கணக்காகும்" என்றேன். அதுதான் உண்மை. அவள் நம்பவில்லை. கோபத்தில் நான் சொன்னதைத்தான் நம்பினாள்.

அதன்பின் கொக்கோ மடையானோ எந்தப் பறவை செத்துக் கிடந்தாலும் ஈரத்துணியில் சுற்றி, நாலு மைல் நடந்து கொண்டுவந்தாள். ஆய்வுக்கூடத்திலிருந்து இனி அனுப்ப வேண்டாம் என்று கடிதம் வந்த பிறகும் வந்தாள். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இன்னைக்குக் காலையில செத்ததுதான் சார், அழுகல. இதுல ஒரு புள்ளையாச்சும் பொழைக்குமா?"

"பொழைக்கும்மா" என்று வாங்கிக்கொள்வேன்.

அவள் சாலைத் திருப்பம் தாண்டும்வரை காத்திருந்து, ஆபீசுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைப்பேன்.