குப்பி விளக்கில் விழுந்த பெற்றோல்

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

எங்கள் ஸ்கந்தபுரத்தில் பெற்றோல் கிடைப்பது அரிது. மகனுடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார், கூரை மடிக்கிற வடிவான கார், அதுவும் மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. ஸ்டார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும்.

அதே சாதிக் கார் வைத்திருக்கும் கனகராயன்குளத்து யோசேப்பு அன்று வந்து மகனுக்குப் புத்தி சொன்னார்.

"பெற்றோலைப் புறம்பா ஒரு போத்தில்ல விட்டு, பேர் எழுதி ஒட்டி வையுங்கோ."

மகன் அப்படியே செய்து, சமைக்கிற குசினியில் மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

அன்று பொழுதுபட, மண்ணெண்ணெய் என்று நினைத்து அதை விளக்கில் ஊற்றிவிட்டேன். தடிமனில் மூக்கடைத்திருந்தது, மணம் தெரியவில்லை. பக்கத்துப் பாயில் பேத்தி நித்திரை. நான் நெருப்புப் பெட்டியை எடுக்க, வெளியில் மகனோடு கதைத்துக்கொண்டிருந்த யோசேப்பு பெற்றோல் மணம் பிடித்து ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"அம்மா, பெற்றோல் எண்டு எழுதிக் கிடக்கெல்லே?"

"எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு ஊருற மாதிரித்தான் தம்பி. அதில எந்த எறும்பு பெற்றோல்?"

அவர் சிரிக்கவில்லை. பேத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது பெற்றோல் போத்தலின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, வெளியே கார்க் கொட்டிலில் வைக்கிறோம். தடிமன் என்றால் நான் விளக்கைத் தொடுவதேயில்லை. யோசேப்பும் கார்க்காரருக்கெல்லாம் துணி கட்டச் சொல்கிறாராம். அதில் எனக்குப் பெரிய புளுகமும் சந்தோஷமும்.