உரக்கடைக் கம்ப்யூட்டரில் அனுசுயாவின் பாதி

உத்தமபாளையத்தில், கம்பம் போகும் சாலையோரம், தங்கப்பாண்டியின் உரக்கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குச் சொந்தக்காரர்கள் நிறைய. அதை ஓட்டத் தெரிந்தவள் அனுசுயா மட்டும்தான். அவள் தங்கப்பாண்டியின் மனைவி. கடமலைக்குண்டில் பிறந்து, கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து, வகுப்பில் முதலாவதாக வந்தவள், கல்யாணமாகி இங்கே வந்த மறுவாரத்திலிருந்து யூரியாவுக்கும் பொட்டாஷுக்கும் பில் போட்டுக்கொண்டிருக்கிறாள். "எம் மருமக கம்ப்யூட்டர் படிச்சவ" என்று மாமனார் கருத்தக்கண்ணன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். படித்ததே பில் போடுவதற்குத்தான் என்று அந்த மனிதர் நிஜமாகவே நம்பினார். அவளுக்கு ஆறாத எரிச்சல் அதுதான்.

இந்தப் புரட்டாசியில் ஒரு வழி பிறந்தது. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு ஆள் எடுத்தது. பில் போட்ட இடைவெளியில் படித்துப் படித்து ஆன்லைன் தேர்வில் தேறிவிட்டாள். பயிற்சி விஜயதசமி அன்று காலை பத்து மணிக்கு. கம்ப்யூட்டரில் விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளமான லினக்ஸைப் போட்டுத் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் நாள் வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"ஒண்ணு இருக்கயில இன்னொண்ணு எதுக்கு?" என்றான் தங்கப்பாண்டி, புது லேப்டாப் என்று அவள் வாயெடுத்த உடனே. அந்த ஒன்றிலோ கடையின் பில் சாஃப்ட்வேர் இருந்தது. அது விண்டோஸைத் தவிர வேறெதிலும் ஓடாது. ஆகவே ஒரே பெட்டியில் இரண்டையும் வைத்து, போடும்போதே கடையா, தன் வேலையா என்று கேட்டுக்கொள்ளும்படி செய்வதென்று முடிவெடுத்தாள். அதற்கு விண்டோஸ் பிடித்திருக்கும் இடத்தைச் சுருக்கி, லினக்ஸுக்குப் பாதி ஒதுக்க வேண்டும். இதை வீட்டு ஆண்களுக்கு விளக்கியதற்குப் பதில் இன்னொரு தேர்வே எழுதியிருக்கலாம்.

"அப்ப வரப்பை உள்ள தள்ளிப் போடப் போற" என்றார் மாமனார்.

"ஆமா மாமா. வெள்ளாமையை ஒரு பக்கமா ஒதுக்கிட்டு, அப்புறம் வரப்பு."

"வெள்ளாம நிக்கயில வரப்புல கை வைக்கக் கூடாதேத்தா."

"அறுப்பு முடிஞ்சதா நெனச்சுக்கங்க மாமா."

தங்கப்பாண்டி சுருக்கமாக முடித்தான். "பில்லு மட்டும் கெட்டுச்சு, அப்புறம் அந்தப் பெட்டிப் பக்கமே நீ போகக் கூடாது."

விண்டோஸிலேயே சுருக்கிப் பார்த்தாள். நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் கிடக்கின்றன என்று சொல்லி, அது உள்ளங்கையளவு இடம்தான் விட்டுக்கொடுத்தது. மீதி இடத்தில் என்ன இருக்கிறதென்று பார்த்தால், சொந்தபந்தத்தின் கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு எல்லாம் வீடியோவாகக் கிடந்தன. அதிலும் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று முறை. கடையில் கம்ப்யூட்டர் இருப்பதால் ஊரே தன் பென்டிரைவை அதில் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. பாதியையாவது அழிக்கட்டுமா என்றாள்.

"சித்தப்பா மக சடங்கு வீடியோவை அழிச்சம்னு தெரிஞ்சா அவுக என்ன நெனப்பாக?" என்றான் தங்கப்பாண்டி. அந்த வீடியோவை அந்தச் சித்தப்பாவே இதுவரை பார்த்ததில்லை.

சரி, வெளியிலிருந்து செய்வோம் என்று, லினக்ஸ் இருந்த பென்டிரைவில் கம்ப்யூட்டரைத் தொடங்கி இடத்தைச் சுருக்கத் திட்டமிட்டாள். பல மணி நேரம் பிடிக்கும், நடுவில் நிறுத்தவே கூடாது. கடையோ ஒரு நாளும் சும்மா இருப்பதில்லை. பில் போடாத நாள் வருஷத்தில் ஒன்றே ஒன்றுதான், ஆயுத பூஜை. அன்றைக்கே வைத்துக்கொண்டாள். பில் விவரங்களை முழுக்க இன்னொரு பென்டிரைவில் நகல் எடுத்தாள். கரண்ட் போனாலும் தாங்கும்படி யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போடவைத்தாள். 'வேலை நடக்கிறது, தொடாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதித் திரையின் நெற்றியில் ஒட்டினாள். போதாதென்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாயாலும் சொன்னாள். மாமனார் தலையைக்கூட ஆட்டினார்.

காலையில் வேலையைத் தொடங்கிவிட்டு, சுண்டல் தாளிக்கக் கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கடை இருட்டாக இருந்தது. தராசு, மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர், சாவிக்கொத்து எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்து வரிசையாக நின்றன. கம்ப்யூட்டர் திரையிலும் மூன்று சந்தனப் பொட்டு. யூபிஎஸ்ஸுக்குக் கதம்ப மாலையே போட்டிருந்தார்கள்.

"மாமா, கம்ப்யூட்டரை யாரு அமத்துனது?"

"நாந்தேன். பூசையன்னைக்கி ஒண்ணும் ஓடக் கூடாதுல்ல. மெயினை அமத்துனேன், எல்லாம் அடங்கிருச்சு. இந்தா, மால போட்டிருக்கே, இந்தப் பெட்டி ஒண்ணு மட்டும் கீ கீன்னு கத்திக்கிட்டே கெடந்துச்சு. தடவிப் பாத்துப் பட்டனைக் கண்டுபிடிச்சு அமுக்கிப் பிடிச்சேன். அப்புறந்தேன் ஓஞ்சது."

"தொடக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருந்தேனே."

"சாமிக்கு வைக்கிற சாமான்ல தாளு எதுக்குத்தா. பிச்சுட்டு நல்லாத் தொடச்சேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. கையிலிருந்த சுண்டல் பாத்திரத்தை நங்கென்று கீழே வைக்கத் தோன்றியது. அதுவும் சாமிக்கு என்பதால் மெதுவாக வைத்தாள். இவ்வளவு பத்திரமும் செய்து, கரண்ட்டுக்குப் பயந்து, மின்னலுக்குப் பயந்து, கடைசியில் பக்தியிடம் மாட்டிக்கொண்டோமே என்று பற்றிக்கொண்டு வந்தது. போட்டுப் பார்க்கவாவது விடுங்கள் என்றாள். படைத்ததை மறுநாள் பூஜை முடிந்துதான் தொட வேண்டும் என்றுவிட்டார் மாமனார். நகல் எடுத்த பென்டிரைவைத் தேடினாள். அது தாம்பாளத்தில் சாவிக்கொத்தோடு சேர்ந்து, குங்குமம் பூசி, பொரிக்குள் பாதி புதைந்து உட்கார்ந்திருந்தது. அதையும் தொடக் கூடாதாம். அன்று முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை. பேச்சு நின்றதை வீட்டில் யாரும் கவனிக்கவும் இல்லை, பொரி நன்றாக இருக்கிறதென்றுதான் பேசிக்கொண்டார்கள்.

விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்து சூடம் அணைவதற்குள் கம்ப்யூட்டரைப் போட்டாள். கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. விண்டோஸ் போய்விட்டது. லினக்ஸ் பென்டிரைவில் கம்ப்யூட்டரைத் தொடங்கி, பொரியைத் தட்டிவிட்டு நகல் பென்டிரைவைச் செருகித் திறந்து பார்த்தாள். பில் விவரம் பத்திரமாக இருந்தது. அதில்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

தங்கப்பாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். "நல்ல நாளும் அதுவுமா மொதப் பில்லு வாங்க ஆளு வரும். சட்டுன்னு கடையைப் போடு."

இனி போடுவதென்றால் எல்லாம் புதிதாகத்தான். காலி டிஸ்க்கை நடுவில் பிரிப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. இத்தனை நாள் அவள் கெஞ்சியும் நகராத வரப்பு, சடங்கு வீடியோவோடு சேர்ந்து தானாகவே போயிருந்தது. ஆனால் விண்டோஸ் முழுசாக ஏறி, பில் சாஃப்ட்வேர்க்காரரைப் போனில் பிடித்து அதைப் போட்டு முடிப்பதற்குள் பத்து மணி தாண்டிவிடும். விண்டோஸை முதலில் போட்டுவிட்டு லினக்ஸைப் பிறகு போடுவதுதான் வழக்கமும் வசதியும். எந்தக் காரியத்திலும் கடைதான் முதலில் என்பது இந்த வீட்டு வழக்கம். அனுசுயா இரண்டு வழக்கத்தையும் நினைத்துப் பார்த்தாள்.

"மொதல்ல என்னோடது" என்றாள். "பாதியைக் காலியா வைக்கிறேன். கடை சாயங்காலம்."

"பில்லு?"

"அதெல்லாம் இங்கனதேன் இருக்கு, பத்திரமா. காத்துக்கெடக்கட்டும். நான் இத்தன வருசம் காத்துக்கெடக்கலயா?"

தங்கப்பாண்டி அப்பாவைப் பார்த்தான். கருத்தக்கண்ணன் சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தைப் பார்த்தார், பிறகு யூபிஎஸ்ஸின் மாலையைப் பார்த்தார்.

"எத்தன மணிக்குன்ன?"

"பத்துக்கு மாமா."

"அமத்துனது நாந்தேன். பில்லைக் கையில எழுதிக் குடுக்குறேன். நீ ஒன் வேலையப் பாரு."

லினக்ஸ் ஏறி முடியவும் வகுப்பு தொடங்கவும் சரியாக இருந்தது. சந்தனம் காய்ந்த திரையில் அவள் பேரைக் கூப்பிட்டார்கள். இருக்கிறேன் என்றாள்.

கருத்தக்கண்ணன் முக்காலியை இழுத்துக்கொண்டுபோய் ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே போட்டு, பில் புத்தகத்தை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார். முதல் பில்லுக்கு வந்த வீரபாண்டி, செல்லுக்குச் சார்ஜ் போடலாமென்று போர்டை நோக்கிக் கையை நீட்டினான். அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கன கை வைக்காத ஏலே. எம் மருமக வேலைக்குப் போயிருக்கு."

அவரிடமிருந்து கையெட்டும் தூரத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.