கடைசியாக வந்த மூன்று சைக்கிள்கள்

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு ஃப்ரேம் செய்யும் கம்பெனியில் நான் வெல்டிங் லைனில் இருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு கேன்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரகடத்திலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பும் சைக்கிள் பயணம். அணிக்கு மூன்று பேர். மூவரும் சைக்கிளிலேயே வந்து சேர்ந்தால், அந்த அணியின் பெயரில் ஒரு மாற்றுத்திறனாளிகள் பள்ளிக்குச் சக்கர நாற்காலி ஒன்று போகும். ஒருவர் வண்டியில் ஏறினாலும் நாற்காலி கிடையாது. போய்வர நூறு கிலோமீட்டருக்கு மேல்.

நான் படித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். குவாலிட்டி செக்ஷன் அக்காதான் என் பெயரையும் எழுதியிருந்தார்.

"என்னைக் கேக்கவே இல்லியேக்கா."

"கேட்டா நீ மாட்டேன்னுவ. அதான் கேக்கல."

மூன்றாவது ஆள், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் திருநெல்வேலிக்காரர். ஊரில் தினமும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனாராம். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டேன். "ஒண்ணு இருக்கும்வே" என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி எடுத்தோம். இரண்டும் படப்பையோடு முடிந்தன, ஏனென்றால் அங்கே சூடாக போண்டா போடுகிற கடை இருந்தது. இரண்டாவது ஞாயிறு திரும்பும்போது சைக்கிள்களைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அதை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவாயிற்று.

புறப்படும் அன்று காலை மற்ற அணிகள் ஹெல்மெட், கண்ணாடி, கியர் சைக்கிள் என்று வந்து நின்றன. அக்கா, தன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த சைக்கிளில் வந்தார். முன்னால் கூடை. கூடைக்குள் எலுமிச்சை சாதம் மூன்று பொட்டலம். இறங்கியதும் எங்கள் இரண்டு சைக்கிள்களையும் சுற்றி வந்து பார்த்தார். பிரேக்கை அழுத்தினார், செயினைத் தொட்டு விரலைப் பார்த்தார்.

"இன்னா இது, காஞ்சி கெடக்குது? லைன்ல வந்திருந்தா ரெண்டையும் ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்."

போகும்போது பெரிய கஷ்டமில்லை. திருநெல்வேலிக்காரர் மட்டும் ஃபோர்க்லிஃப்ட் ஞாபகத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, பின்னால் திரும்பிப் பார்த்து, பிறகுதான் நகர்ந்தார். செங்கல்பட்டு தாண்டும்போதே நாங்கள் கடைசி. நாங்கள் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் கடற்கரையில் படம் எடுத்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில்தான் அந்த மினி பஸ் எங்களைப் பிடித்துக்கொண்டது. முடியாதவர்களை ஏற்றிக்கொள்வதற்காகக் கம்பெனி அனுப்பியது. அதற்குள் ஐந்து பேர் ஏற்கெனவே ஏறியிருந்தார்கள். நோட்டீஸ் ஒட்டிய எச்.ஆர். அதிகாரியும் அதில் ஒருவர். ஜன்னலோரம் உட்கார்ந்து கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கடைசி என்பதால் டிரைவர் எங்கள் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தலையை வெளியே நீட்டினார். "ஏறிக்கினா இன்னாக்கா? உள்ள ஏசி கீது."

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அக்கா சைக்கிளை நிறுத்திவிட்டார். முகம் கருத்துப்போயிருந்தது. புளியமரத்து நிழலில் உட்கார்ந்து, பஸ்ஸையே பார்த்தார்.

"யக்கா, ஏறணும்னா ஏறுங்க. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்" என்றார் திருநெல்வேலிக்காரர். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அக்கா ஏறினால் நானும் ஏறிவிடலாம்.

அக்கா கூடையிலிருந்து பொட்டலங்களை எடுத்தார். எலுமிச்சை சாதத்தைப் பிரித்தார். நாங்கள் சாப்பிட்டு முடிக்கிற வரை டிரைவரும் எஞ்சினை நிறுத்திவிட்டு, உள்ளே விளக்கையும் ஃபேனையும் பாட்டையும் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அரை மணி நேரம் ஆனது. பிறகு சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினார். அதுவும் இல்லை. பேட்டரி காலி.

டிரைவர் இறங்கி வந்து தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் தள்ளி வுட்டா ஸ்டார்ட் ஆயிடும்."

உள்ளே இருந்த ஐந்து பேருக்கும் கால் பிடித்துக்கொண்டிருந்தது. எச்.ஆர். அதிகாரி எழுந்து பார்த்து, தொடையைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் தள்ளினோம். அக்கா நடுவில் நின்று, லைனில் கத்துகிற அதே குரலில், "ஒண்ணா தள்ளுங்கடா, ஆளுக்கொரு பக்கம் இழுக்காதீங்க" என்றார். பஸ் இருமி, கருப்புப் புகையை எங்கள் முகத்தில் விட்டுக் கிளம்பியது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நம்ம மூணு பேரு எட்டு பேரை தள்ளிக்கினு போறோம். நம்மளைப் போய் ஏத்திக்கிறேன்றான்."

பஸ்ஸில் டிரைவரோடு ஆறு பேர்தான். நான் திருத்தவில்லை. அவர் சைக்கிளில் ஏறிவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு டிரைவர் எங்களை ஏறச் சொல்லவே இல்லை. ஒரகடம் வரை நான்கு பக்க விளக்கையும் எரியவிட்டு எங்கள் பின்னாலேயே வந்தார். கன்டெய்னர் லாரிகள் நெருங்கினால் ஹாரன் அடித்து ஒதுங்க வைத்தார்.

ஒரகடத்தில் பந்தல்காரர்கள் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் போய்விட்டார். பள்ளியின் டீச்சரும், பழைய சக்கர நாற்காலியில் ஒரு சிறுமியும் மட்டும் இருந்தார்கள். சிறுமி எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"எல்லாரும் எப்பவோ வந்துட்டாங்க. நீங்க ஏன் லேட்டு?"

"வழியில ஒரு பஸ்ஸு நின்னுபோச்சு கண்ணு. தள்ளிக்கினு வந்தோம்" என்றார் அக்கா.

அவள் நம்பவில்லை. பின்னால் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கிய எச்.ஆர். அதிகாரியைக் காட்டி, "அந்த சாரையுமா?" என்று கேட்டாள். அவர் பட்டியலில் எங்கள் அணிப் பெயருக்கு நேரே டிக் போட்டுக் கையெழுத்திட்டார். தலை நிமிரவில்லை.

மறுநாள் எனக்குக் காலை ஷிப்ட். எங்கள் லைனில் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டேதான் வேலை. சேர்ந்த நாளிலிருந்து அதைப்பற்றிப் புலம்பிவந்தவன், உட்கார முடியாத அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.