மஞ்சள் கடுதாசிக்கு என்ன செலவாகும்?

கையில் காசில்லை என்று எழுதிக் கொடுப்பதற்குக் காசு வாங்கும் தொழில் எங்களுடையது. கடனைக் கட்ட முடியாதவர்கள் கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுப்பார்கள் அல்லவா, அந்த மனுக்களைத் தயாரிக்கும் வக்கீல் ஆபீஸில் பதினோரு வருஷமாக நான் குமாஸ்தா. வீடு ஜீவனஹள்ளி. நடந்து போகிற தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ். எங்கள் சாருக்குத் தாய்மொழி கன்னடம், தமிழும் சரளம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். வக்கீல் ஆபீஸ்களில் குப்பை கொட்டும் சக குமாஸ்தாக்களே, கட்சிக்காரரிடம் செலவுக் கணக்கைச் சொல்லி அவர் முகம் வாடுவதைப் பார்க்கும் வேலை நம் தலையில்தான் விழும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

கார்டு தேய்க்கலாமா?

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு தம்பி, கம்பெனி காரில் போய்க்கொண்டே போன் செய்தார். ஐந்து கிரெடிட் கார்டு, ஐந்திலும் கழுத்து வரை கடன். மனு போட எவ்வளவு ஆகும் என்றார். சொன்னேன். உடனே, கார்டில் கட்டலாமா என்றார். எந்தக் கார்டில் என்று கேட்டேன். இருக்கிற ஐந்தில் ஒன்றில்தானாம்! திவாலாகப் போகிறவர் அந்தக் கார்டையே தேய்த்துவிட்டுப் போய் நின்றால் கோர்ட்டில் தோலை உரித்துவிடுவார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அவருக்கு மனசே ஆறவில்லை.

"இல்ல மேடம், அந்த ஒரு கார்டுல மட்டும் இன்னும் கொஞ்சம் லிமிட் இருக்கு. வேஸ்ட்டா போயிடுமேன்னு பாத்தேன்."

ஸ்டாம்ப் மட்டும்தான் சல்லிசு

ஜோகுபாளையம் ஆரோக்கியராஜ் கல்யாணங்களுக்குப் பிரியாணி போடுகிறவர். ஒரு கான்ட்ராக்டர் அவரை இரண்டு பெரிய விருந்துக்குச் சமைக்க வைத்துவிட்டு, பணம் தராமல் கம்பி நீட்டிவிட்டான். கறி, அரிசி, ஆள் கூலி எல்லாம் ஆரோக்கியராஜ் தலையில். அதைச் சமாளிக்க ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் வாங்கினார். அந்த மனிதரோ, மாதக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் பிரியாணி வேகிற பெரிய அண்டாக்களான மூன்று தேக்சாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டார். தேக்சா போனால் பிழைப்பு போச்சு. அதற்குள் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட வேண்டும் என்று எங்களிடம் ஓடி வந்தார்.

முதலில் கோர்ட் ஸ்டாம்ப் எவ்வளவு என்று சொன்னேன். அவ்வளவுதானா என்று முகம் மலர்ந்து பாக்கெட்டில் கை விட்டார். பொறுங்கள் என்று மீதியையும் சொன்னேன். கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் மனுவில் ஒரு காப்பி, ஆளாளுக்கு நோட்டீஸ் செலவு, பேப்பர் விளம்பரம், அதற்கு மேல் சார் ஃபீஸ். விட்ட கை பாக்கெட்டிலேயே தங்கிவிட்டது.

"ஸ்டெல்லாக்கா, இந்தக் காசுக்கு நூறு பேருக்கு மட்டன் பிரியாணி போட்டு, தயிர்ப் பச்சடியும் குடுத்துடுவேனே!"

முப்பத்திரண்டாவது பெயர்

கடன் கொடுத்தவர்கள் பட்டியலை எழுதி வரச் சொன்னோம். முப்பது பெயர் கொண்டுவந்தார். சார் துருவித் துருவிக் கேட்டதில், மனைவியின் தம்பியிடம் வாங்கிய தொகை பட்டியலில் இல்லை என்று தெரிந்தது. மச்சான் கொடுத்தது எப்படிக் கடன் ஆகும் என்று இவருக்கு வருத்தம். ஒருவரை விட்டாலும் மனு நிற்காது என்று சார் அதட்டி, முப்பத்தொன்று ஆக்கினார்.

மறுநாள் பாதி ஃபீஸை எண்ணி வைத்தார். ஏது பணம் என்றேன். சிநேகிதரிடம் கைமாற்றாம். அப்படியானால் அவர் முப்பத்திரண்டாவது ஆள். அவருக்கும் ஒரு காப்பி, ஒரு நோட்டீஸ். அதற்கான பணத்தைப் புரட்ட ஆரோக்கியராஜ் மறுபடி போனை எடுத்ததும் சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பேடா ஆரோக்கியராஜ், வேணாம்! இன்னொருத்தர்கிட்ட வாங்காதப்பா, நம்ம பிரின்டர்ல இங்க் இல்ல!"

நாலு பேருக்கு மூணு தேக்சா

அடுத்து சொத்து விவரம். வீட்டில் சமைக்கிற பாத்திரத்தைச் சட்டம் விட்டுவிடும். யாரும் தொட முடியாது. இதைக் கேட்டதும் ஆரோக்கியராஜுக்கு உயிர் வந்தது. அப்போ தேக்சாவையும் அதிலேயே எழுதிடுங்க என்றார். ஒவ்வொன்றும் ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கிற அளவு! வீட்டில் எத்தனை பேர் என்று சார் கேட்டார். நாலு பேர். தொழில் சாமான் என்று வேண்டுமானால் வாதாடிப் பார்க்கலாம், ஜட்ஜ் ஒத்துக்கொள்வாரோ மாட்டாரோ, வீட்டுப் பாத்திரம் என்று எப்படியப்பா எழுதுவது என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எங்க வீட்ல கொஞ்சம் நல்லா சாப்பிடுவோம்னு எழுதிடுங்க சார்."

வாழைப்பழத்தோடு போன மனு

இது என் தப்பு. சனிக்கிழமை முப்பத்திரண்டு காப்பியையும் அடித்து மேஜைமேல் அடுக்கிவிட்டு, ஸ்டேப்ளர் பின் வாங்கக் கீழே போனேன். கையெழுத்துப் போட வந்த ஆரோக்கியராஜ் கட்டோடு கிளம்பிவிட்டார். தானே நேரில் கொடுத்தால் நோட்டீஸ் செலவு மிச்சம் என்று கணக்கு. மனுவே இன்னும் தாக்கலாகவில்லை, நோட்டீஸை அனுப்ப வேண்டியது கோர்ட் என்பதெல்லாம் அவருக்கு யார் சொன்னது? போன் செய்தால் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் என் மனசு நிற்கவேயில்லை.

திங்கட்கிழமை வந்து அவரே கதையைச் சொன்னார். பூசை முடிந்ததும் மனைவி லூர்துவையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார். யார் வீட்டுக்கும் வெறும் கையோடு போகக் கூடாது என்று லூர்து தட்டில் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டாளாம். எல்லோரும் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து உட்கார வைத்து, காபி கொடுத்துவிட்டுத்தான் பிரித்திருக்கிறார்கள். உள்ளே முப்பத்திரண்டு பெயரும் தொகையும்! வெங்காய மண்டிக்காரர் தன்னைவிட அதிகமாக மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்து ஆறுதல் அடைந்தாராம். கறிக்கடை பாய் மட்டும் கண்ணாடி போட்டு, கடைசிப் பக்கம் வரை படித்தாராம்.

"அரே ராஜண்ணா, அந்த ஃபைனான்ஸ்காரருக்கு என்னவிட கம்மியாத்தான் தரணும்! அவர் எதுக்கு இவ்ளோ சத்தம் போடறாரு?"

எதிர்க்கட்சி கேட்ட ரேட்

புதன்கிழமை ஆரோக்கியராஜையும் லூர்துவையும் கூட்டிக்கொண்டு, பாய் தலைமையில் பத்துப் பேர் மாடியேறி வந்துவிட்டார்கள். கடைசியாக ஃபைனான்ஸ்காரர். சார் கோர்ட்டில் இருந்தார், ஆபீஸில் நான் மட்டும்தான். தேக்சா போனால் ஆர்டர் போச்சு, ஆர்டர் போனால் யாருக்கும் பைசா கிடைக்காது என்று பாய் பேசினார். ஃபைனான்ஸ்காரர் அவரைக் கவனிக்கவே இல்லை. கேஸ் போட்டால் தனக்குப் பணம் எப்போது வரும் என்று என்னிடம் கேட்டார். வருஷக்கணக்கில் இழுக்கும், தேக்சாவை விற்றாலும் முப்பத்திரண்டு பேருக்குப் பங்கு என்று உள்ளதைச் சொன்னேன். எதிர்த்து வழக்காடினால்? வழக்காடலாமே என்று, வாய்ப் பழக்கத்தில் செலவுக் கணக்கை ஒப்பித்தேன். வக்காலத்து, காப்பி, வாய்தாவுக்கு வாய்தா வக்கீல் ஃபீஸ். அவர் போனில் தட்டிக் கூட்டிப் பார்த்தார். வாசலோரம் ஆரோக்கியராஜ் தலை நிமிரவே இல்லை. லூர்து உதடு மட்டும் அசைய ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டி முடித்த ஃபைனான்ஸ்காரர் போனை மேஜைமேல் வைத்தார்.

"அவன் திவாலாகறதுக்கு நான் எதுக்கும்மா செலவு பண்ணணும்? தேக்சா அங்கயே கெடக்கட்டும், மாசாமாசம் சமைச்சே கட்டட்டும்."

அங்கேயே ஒரு தாளில் எழுதிப் பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள், மற்றவர்களைச் சம்மதிக்க வைப்பது தன் பொறுப்பு என்றார் பாய். லூர்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், எனக்கும் தாங்கவில்லை, அழுதேன்.

திவாலாவதற்கு ஆகும் செலவை இரண்டு தரப்புக்கும் ஒழுங்காக எடுத்துச் சொன்னாலே பாதிப் பேர் திவாலாகாமல் தப்பித்துவிடுவார்கள் என்பதுதான் பதினோரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது, தயவுசெய்து இதை எங்கள் சாரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.