பூசணத்துக்கு என் பேர் வேண்டாம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். அதில் ஒன்று என் கொழுந்தனார் விட்டுப்போன பிள்ளை. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இருந்தாலும் இதை நானே எழுதுகிறேன். விரல் வலிக்கும்போது நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

உள்ளங்கை அகலத்தில் மூடி போட்ட கண்ணாடித் தட்டு. டாக்டரம்மாவை நினைத்தால் முதலில் அதுதான் கண்ணுக்கு வருகிறது. நாம் பலகாரத்துக்குக் காய்ச்சுகிற அதே அகார் அகார் என்னும் கடற்பாசிக் கூழைத்தான் அதில் ஊற்றி உறைய வைப்பார். பிறகு நோய் பிடித்த மரப்பட்டையில் ஒரு துணுக்கைக் கிள்ளி அதன் மேல் வைப்பார். சில நாளில் வெள்ளைப் பஞ்சுபோல் பூசணம் கிளம்பும், பிறகு சாம்பல் நிறம், கடைசியில் கரி. பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அந்தத் தட்டுகளைக் கழுவுவதுதான் என் வேலை. பிள்ளைகள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் போனேன். என் கையில் ஒரு தட்டுகூட உடைந்ததில்லை.

அவர் மனிதர்களுக்கு மருந்து எழுதும் டாக்டர் அல்ல. மரத்து நோய் படித்தவர். எனக்கு மகள் வயது, ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் போனில் யாரிடமோ, கேங்கர் தண்டு முழுக்கப் பரவிவிட்டது, வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் அது கேன்சர் என்று விழுந்தது. அன்றைக்கே தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டு, மறுநாள் திருநீற்றோடு அவர் முன்னால் போய் நின்று அழுதேன். அவர் முதலில் திகைத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

“எனக்கு இல்லக்கா, ஜாதிக்கா மரத்துக்கு. பட்டையில வர்ற புண்ணுக்குத்தான் கேங்கர்னு பேரு. நேர்ந்தத அப்படியே மரத்துக்கு மாத்திடுங்க லா.”

பாலிக் பூலாவில் ஒரு சீன முதலாளியின், நாங்கள் தவுக்கே என்போம், ஜாதிக்காய்த் தோட்டம் அது. பட்டை வெடித்து, கறுத்து, நீர் வடிந்து, அதற்கு மேலே உள்ள கிளை காய்ந்துபோகும். தவுக்கே வாராவாரம் வந்து மருந்து உண்டா என்று கேட்பார். முதலில் அது என்னவென்று தெரியவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்புவார். எந்தப் புத்தகத்திலும் அந்தப் பூசணம் இல்லை. வெளியே அனுப்பிப் பார்த்ததில், இதுவரை யாரும் பதிந்து வைக்காத வகை என்று வந்தது. ஆனால் அதுதான் மரத்தைக் கொல்கிறது என்று காட்டினால்தான் மற்றவர்கள் ஒப்புக்கொள்வார்களாம். அதற்காக நல்ல கன்றுகளின் பட்டையைக் கீறி, பூசணத்தை வைத்துக் கட்டினார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு சில கன்றுகளையும் அப்படியே கீறி வெறும் அகார் அகாரை வைத்தார். நன்றாக இருக்கிற உயிருக்கு நோயைக் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பாவம்னு மஞ்சள் கிஞ்சள் பூசிடாதீங்க” என்றார்.

தைப்பூசத்துக்குக் கூடம் மூடியிருந்தது. சிம்பாங் அம்பாட்டில் தாயாருக்கு உடம்புக்கு முடியாமல் டாக்டரம்மா போய்விட்டார். கன்று வாடினால் தண்ணீர் இல்லாமல் செத்தது என்று சொல்லிவிடுவார்கள், பட்ட பாடெல்லாம் வீண். அவர் கேட்கவில்லை, நானாகப் போய் ஊற்றினேன். ரதம் போகிற மேளம் தூரத்தில் கேட்டது. அந்த வருஷம் பால்குடம் எடுக்கவில்லை.

பூசணம் வைத்த கன்றுகளில் மட்டும் புண் வந்தது. புண்ணைக் கிள்ளித் தட்டில் வைத்தால் அதே வெள்ளைப் பஞ்சு. டாக்டரம்மா என்னை எதிரே உட்கார வைத்தார்.

“பேரு வெக்கிற உரிமை இப்ப எனக்கு. உங்க பேரத்தான் வெக்கப் போறேன். ஐசிய எடுங்கக்கா, எழுத்து தப்பக்கூடாது.”

“மரத்தக் கொல்ற பூசணத்துக்கு என் பேரா? நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?”

“கௌரவம்க்கா. காலத்துக்கும் நிக்கும்.”

“நிக்கட்டும். வேற யாரையாவது நிக்க வைங்க. ஐசியில இருக்கறது என் பேரே இல்லம்மா.”

அது உண்மை. ஐசி என்கிற அடையாள அட்டையில் இருப்பது வேறு. அப்பா எனக்கு வைத்தது அம்மன் பேர். தோட்டத்து ஆபீஸ் கிராணி பிறப்புப் பத்திரத்தில் எழுதும்போது முதல் எழுத்தை விழுங்கிவிட்டு, நடுவில் வேறொன்றைச் சேர்த்துவிட்டார். கிளினிக்கில், பேங்கில் கூப்பிடும்போது ஏதோ பலகாரத்தின் பேர்போலக் கேட்கும். எழுந்து போவேன், போகத்தானே வேண்டும். நோய்க்கும் அதையே வைத்து, உலகம் பூராவும் அந்தத் தப்பையே படிக்கவேண்டுமா?

அவர் முகம் சுருங்கியது. தட்டை மூடித் தள்ளி வைத்தார். பிறகு, “அப்பா வெச்ச பேரு என்னக்கா?” என்று கேட்டார். சொன்னேன். வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

பூசணத்துக்குப் பினாங்கின் பேரை வைத்தார். பின்னால் ஏதோ ஒரு வால், என் நாக்கில் அது புரளாது. மருந்து வரவில்லை. தவுக்கே பாதி மரங்களை வெட்டிவிட்டார். ஆனால் மறுநாளிலிருந்து டாக்டரம்மா என்னை அப்பா வைத்த பேரோடு அக்கா சேர்த்துத்தான் கூப்பிட்டார். அப்பா அம்மா போன பிறகு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். வீட்டுக்காரர் ‘இந்தா’ என்பார். பிள்ளைகளுக்கு அம்மா, பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி.

டாக்டரம்மா போன மாதம் தவறிவிட்டார் என்று பேத்தி போனில் பார்த்துச் சொன்னாள். சுடுகாடுவரை போக என் காலில் தெம்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் பூசணத்துக்கு என் பேர் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கூப்பிடத்தான் ஆள் இல்லை. உடம்பு அசந்து கிடக்கும் மத்தியானங்களில், வாசலில் யாரோ அந்தப் பேரைச் சொன்னதுபோல் இருக்கும். எழுந்து பார்ப்பதில்லை.

பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். “கீழ ஐசியில இருக்கற பேரப் போடட்டுமா பாட்டி?” என்கிறாள். வேறொரு பேர் இருப்பது அவளுக்கு இதைப் படித்தால்தான் தெரியும். கீழே அப்பா வைத்த பேரை எழுதி, தாளை அவள் பக்கம் தள்ளுகிறேன். சத்தமாக வாசி, முதலிலிருந்து. பிறகு என்னை ஒரு தரம் கூப்பிட்டுப் பார்.