பந்தெடுக்கப் போன கீப்பர்

ஜெயம் போய்விட்டான். எங்கள் டீமின் கோல் கீப்பர் ஜெயம்.

காலையில் என் வலைக்கடையைத் திறந்து, கயிற்றுச் சுருளை வெளியே எடுத்து வைக்கும்போது அவனுடைய மச்சினன் எனக்கு போன் பண்ணினார். "அண்ணை, அத்தான் விடியப்புறம் தவறிப் போயிட்டார்."

சுருளைத் திரும்ப உள்ளே வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியாமல் மறுபடியும் வெளியே எடுத்தேன்...

இப்போது விளையாடுகிறவர்களுக்கு அவனைத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மைதானத்தில் கடற்பக்கத்து போஸ்ட்டுக்கு வலை கிடையாது. திருகோணமலைக் கரை முழுக்க வலை காய்கிறது, அதற்கு மட்டும் இல்லை. கோல் விழுந்தால் பந்து நேரே கடலுக்குள்தான். கோல் வாங்கின கீப்பரே போய் எடுத்துவர வேண்டும், அது எங்கள் வழக்கம்.

மற்றக் கீப்பர்மார் ஏசிக்கொண்டு ஓடிப்போய் எடுப்பார்கள். ஜெயம் நடந்து போவான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, பந்து தன்பாட்டில் மிதந்து வரும்வரை பார்த்துக்கொண்டு, வாயசைத்துக் கதைப்பான். தனக்குத்தானே.

பின்னேர வெயில் முழுவதும் தண்ணீரில் கிடக்கும். தூரத்தில் ஏதாவது ஒரு கப்பல், நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாமல். இரண்டு டீமும் ஆட்டத்தை விட்டுவிட்டு அவன் கதைத்து முடியட்டும் என்று நிற்போம்.

"டேய், மீனோட சம்பந்தம் பேசுறியோ?" என்று நான் கத்துவேன். திரும்பியும் பார்க்க மாட்டான்.

வரும்போது கோல் வாங்கின முகமே இருக்காது. அப்போதுதான் ஆட வந்தவன் மாதிரி வருவான்.

நான் பாக், கீப்பருக்கு முன்னால் நின்று மறிக்கிறவன். பந்தை விட்டால் என்னையே நாயே பேயே என்று ஏசுகிற ஆள். இவன் செய்வது எனக்கு விசர்க்கூத்தாக, பைத்தியமாகத்தான் தெரிந்தது.

பிறகு அந்தக் கந்தளாய் மட்ச்.

அது வயல் ஊர், அங்கே போஸ்ட்டில் புது வலை. முதல் கோல் அவன் காலுக்கு நடுவால் போய் வலையில் நின்றது. பந்தை எடுத்து நடுவுக்கு எறிந்தான், அவ்வளவுதான். கடலும் இல்லை, நடையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கோல், கைக்குள் வந்ததைத் தானே தட்டி உள்ளே விட்டான். போஸ்ட்டைக் காலால் உதைத்தான். அவன் அப்படி உதைத்து நான் பார்த்ததே இல்லை.

லைனில் நின்ற எங்கள் கிளப் செயலாளர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இடைவேளைக்குப் பிறகு மற்றக் கீப்பரை இறக்குவம். இவன் இனிச் சரிவரான்."

ஜெயத்துக்கும் கேட்டது. அந்த மட்சில் வெளியே போனால் அந்த சீசன் முழுக்க வெளியேதான், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பந்து என்னிடம் வந்தது. மைதானத்துக்குப் பக்கத்தால் வயலுக்குப் போகிற பெரிய வாய்க்கால் ஓடியது. திரும்பி நின்று, உள்ள பலம் எல்லாம் போட்டு அதற்குள் அடித்தேன்.

மாற்றுப் பந்து காற்றுப் போய்க் கிடந்தது. அதைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் அடித்தேன்.

"ஜெயம், நீ போ. நீயே போய் எடு!" என்றேன்.

ரெஃப்ரி மஞ்சள் அட்டையை நீட்டினார். "தம்பி, தோக்கிற சைட் டைம் வேஸ்ட் பண்ணுறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்." செயலாளர் என் வீட்டாரையும் சேர்த்து ஏசினார்.

பந்து வாய்க்காலோடு மெதுவாக மிதந்து போனது. ஜெயம் அதற்குப் பக்கத்தில் கரையால் நடந்தான். இரண்டு பக்கமும் பச்சை வயல், கொக்குகள். பந்தும் அவனும் ஒரே வேகம். அவசரமே இல்லை... அவனுடைய வாய் அசைவது எனக்குத் தூரத்தில் இருந்தே தெரிந்தது.

ஈரக் காலோடு வந்தான். இடைவேளையில் செயலாளர் அவன் முகத்தைப் பார்த்தார், மற்றவனை இறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. நாங்கள் ஒன்று திருப்பிப் போட்டோம். 2-1, தோல்விதான். ஆனால் சீசன் முடியும்வரை கீப்பர் அவன்தான்.

பஸ்ஸில் கேட்டேன். "என்னடா கதைச்சனீ வாய்க்கால் கரையில?"

"சும்மா... 'மச்சான், ரெண்டு போச்சு, சரி. நீ மோசமான கீப்பர் இல்லை, இண்டைக்கு அவசரப்பட்ட கீப்பர். ஆறுதலா, மெதுவா வா' எண்டன்."

"அவ்வளவுதானோ?"

"உனக்கும் ரெண்டு ஏச்சு விட்டனான். உப்பில்லாத தண்ணியில சரிவருமோ எண்டு பயந்தும் போனன்."

நான் வலைக்கடை போட்ட பிறகு எங்கள் கடற்பக்கத்து போஸ்ட்டுக்குச் சும்மாவே வலை கட்டித் தருகிறேன் என்றேன். மறித்துவிட்டான். "வலை கட்டினா நான் எங்கை போய்க் கதைக்கிறது?"

வலைக்கண் அளவு பிழையாய் ஒரு லோட் வலை வந்து இறங்கிய நாளில், நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கடலுக்குள் இறங்கி நின்றிருக்கிறேன். "சரி மச்சான்" என்று தொடங்க வெட்கமாக இருந்தது. தொடங்கினேன். இன்றுவரை விடவில்லை.

போன கிழமை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாயசைத்துக்கொண்டு கிடந்தான்.

"ஆரோட கதை?"

"கீப்பரோட."

"என்னவாம்?"

"பந்து கொஞ்சம் தள்ளிப் போகுதாம்... ஆனா கடல் நல்ல அமைதியாம்."

நாளைக்குப் பின்னேரம் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். பழைய டீம் ஆட்கள் நேரத்தோடு மைதானத்துக்கு வாருங்கள், சேர்ந்து போவோம்.

ஆறுதலாகப் போ மச்சான். பந்து எவ்வளவு தள்ளிப் போனாலும் பரவாயில்லை... நாங்கள் ஆட்டத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு நிற்கிறோம்.