ரிட்டர்ன் லோடு

புயல் அடித்த வாரம், எங்கள் நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் முட்டை போட்டு ஒரு லாரியை நிரப்பினோம். வேறு எதை அனுப்புவது? எங்களிடம் இருப்பது அதுதான். நானும் ஏறிக்கொண்டேன். பண்ணையை யார் பார்ப்பது என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். ஏன், நீங்கள் போட்டால் கோழி தீனி தின்னாதா என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கடலோரத்தில் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பள்ளிக்கூடத்து வாசலில் வரிசையாக நின்றவர்களுக்கு அட்டை அட்டையாக முட்டை கொடுத்தோம். ஒருவர் மட்டும் எதிரே, விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். அது அவருடைய தோப்பு. புயல் அடித்ததிலிருந்து அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வெறும் கஞ்சிதான் என்று வரிசையில் நின்ற ஒரு பெண் சொன்னாள். இரண்டு அட்டைகளை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

“வேணாம்மா. கொடுத்துதான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்ல.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது என்ன வீறாப்பு?

பின்னாலேயே வந்த எங்கள் டிரைவர் கீழே கிடந்த தேங்காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங்க, வண்டி காலியாத் திரும்புனா எனக்குக் கட்டுப்படி ஆகாதுங்க. இதையெல்லாம் ஏத்திக்கலாங்களா? சேலம் மண்டில போட்டுட்டு, காசை நானே கொண்டாந்து தாரனுங்க.”

இழவு வீட்டிலும் லோடு பேசுகிற ஆள் என்று திட்ட வாயெடுத்தேன். அதற்குள் தோப்புக்காரர் எழுந்துவிட்டார்.

“யாவாரி ஒருத்தனும் வரலய்யா. அத்தனையும் வீணாப் போயிடுமேன்னு...” முடிக்காமல் வேட்டியை மடித்துக் கட்டினார்.

பிறகு அங்கே அவர் குரல்தான். “முத்தின காயா பாத்துப் போடுங்க! இளசு வேணாம்!” முட்டை வாங்கி முடித்தவர்களும் வந்து கைகொடுத்தார்கள். மாலைக்குள் லாரி நிரம்பிவிட்டது. டிரைவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

கிளம்பும் நேரத்தில் தோப்புக்காரர் என்னிடம் வந்தார்.

“அந்த முட்டை இருக்காம்மா? தேங்காக் காசுல கழிச்சுக்குங்க.”

இரண்டு அட்டைகளையும் நீட்டினேன். ஒன்றைத் தன் வீட்டுக்கு வைத்துக்கொண்டார். மற்றதை, கஞ்சி விஷயத்தைச் சொன்ன அந்தப் பெண்ணிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.